மீனுவின் கன்னத்துக் களிம்பு

ஜூலை 9, செவ்வாய்

மீனுவின் கன்னத்துத் தடிப்புக்கு டாக்டரம்மா கொடுத்த களிம்பை, தடிப்பு போன பிறகும் தடவி வந்தேன். பிள்ளை கலராகிக்கொண்டே வந்தாள். யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்? இன்று டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்.

"இது கலர் இல்லம்மா, தோல் மெலிஞ்சிருக்கு. ஸ்டீராய்டு மருந்து. நான் சொல்லாமத் தொடாதீங்க."

கொடுத்ததும் அவர்தானே? ஒன்றும் விளங்கவில்லை.

மாடிக் கோலியில், அந்த ஒற்றை அறையில், இருக்கும் மைனி, என் அண்ணன் பெண்டாட்டி, போன வாரமே மீனுவின் மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்துப்போய், மெடிக்கலில் காட்டி அதையே வாங்கிவிட்டாள். அவள் குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. சாயங்காலம் போய், தடவாதே என்றேன்.

"ஏட்டி, உம் பிள்ள கலராயிட்டா. எம் பிள்ள ஆனா மட்டும் உனக்குப் பொறுக்கலையோ?"

இறங்கி வந்துவிட்டேன். தூங்கும் மீனுவைப் பார்க்கிறேன். இந்தக் கன்னம் எனக்கு இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.