நான் சேர்த்த மூன்று எழுத்து

உ
வள்ளிமலை முருகன் துணை

ஆம்பூர்
18.2.2025

அன்புள்ள ஜஹீர் அக்காவுக்கு, சௌந்தரம் வணக்கத்துடன் எழுதுவது.

சனிக்கிழமை வேலூரில் நம் சௌமியாவின் பட்டமளிப்பு விழா நல்லபடியாக முடிந்தது. யார் யார் இருந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், அதனால் முதலில் அதை எழுதிவிடுகிறேன். மேடையில் துணைவேந்தர், பதிவாளர், சிறப்பு விருந்தினராக ஒரு விஞ்ஞானி, துறைத் தலைவர்கள் பதினேழு பேர். தமிழ்த் துறையில் எம்.ஏ. பட்டத்தை நேரில் வாங்க வந்த பிள்ளைகள் இருபத்தாறு பேர். பார்வையாளர் பக்கம் ஒன்பதாம் வரிசையில் 11ஆம் நாற்காலியில் நான், 12இல் என் தம்பி ஜெயப்பிரகாஷ். எனக்கு இந்தப் பக்கம் 10இல் ஒரு குடியாத்தத்துப் பெண்ணின் அம்மா, 9இல் அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாள். தெரிந்த முகம் வேறு இல்லை.

முதலில் ஊர்வலம். முன்னால் ஒருவர் பெரிய வெள்ளித் தடியைச் சாமி புறப்பாட்டில் பிடிப்பது போல நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் எல்லாரும் சிவப்பு அங்கியில் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். நாங்கள் எழுந்து நின்றோம். கோயில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஜெயப்பிரகாஷ், "அக்கா, கையைக் கீழ விடு, எல்லாரும் பாக்குறாங்கோ" என்றான்.

பிறகு உறுதிமொழி. பிள்ளைகள் வலது கையை நீட்டிச் சொன்னார்கள். ஒரு துறை முழுதும் வாங்கி முடிக்கிற வரைக்கும் யாரும் கை தட்டக் கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். அதனால் "ரா. சௌமியா" என்று பதிவாளர் கூப்பிட்டபோது அரங்கமே அமைதி. அவள் செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. அவள் அப்பா இருந்திருந்தால் கட்டுப்பாடாவது ஒன்றாவது என்று விசில் அடித்திருப்பார்.

வெளியே வந்ததும் பிள்ளைகள் தங்கள் கறுப்பு அங்கியையும் குல்லாவையும் அம்மாவுக்குப் போட்டுவிட்டுப் படம் எடுப்பது இப்போது வழக்கமாம். எனக்கும் போட்டுவிட்டாள். படத்தில் என் கண் மூடியிருக்கிறது.

உங்களைக் கூட்டிப்போக முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. பெற்றோருக்கு மட்டும்தான் அனுமதி என்றால் நாம் என்ன செய்ய முடியும்?

உங்கள் தங்கை,
சௌந்தரம்


786

பேரணாம்பட்டு
23.2.2025

சௌந்தரத்துக்கு ஜஹீருன்னிசாவின் சலாம்.

கடுதாசி வந்தது. மூன்று தடவை படித்தேன். நேரில் பார்த்த மாதிரி இருந்தது. என் தமிழில் தப்பு இருந்தால் என்னைச் சொல்லாதே, எனக்கு அ ஆ சொல்லிக்கொடுத்த வாத்தியாரைச் சொல்லு. அப்போது அந்த வாத்தியாருக்கு ஆறு வயது, முன்பல் இரண்டு இல்லை. ஆம்பூரில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டு வாசலில் சிலேட்டை வைத்துக்கொண்டு என்னை அதட்டியவள் இன்றைக்கு எம்.ஏ. அல்லாஹ் அவளுக்கு இன்னும் கொடுக்கட்டும்.

இங்கே என் பிள்ளை ஹம்மாத் ஷூ கம்பெனி வேலையில் பேஜாராக இருக்கிறான். ஷிப்ட் ஜாஸ்தி. எனக்கு இடது காது போய்விட்டது உனக்குத் தெரியும். வலது காதும் கம்மியாகிக்கொண்டே வருகிறது. பாங்கு சொல்வது இப்போது காதில் விழுவதில்லை, கடிகாரம் பார்த்துத்தான் தொழுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீதான் எதையும் விடாமல் எழுதுகிறவள். பெற்றோருக்கு மட்டும் அனுமதி என்று சொல்லி அனுப்பினாய். நானும் இஸ்திரி போட்ட புர்காவை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஆனால் 12ஆம் நாற்காலியில் ஜெயப்பிரகாஷ். அவன் எப்போது அவளைப் பெற்றான்? 9ஆம் நாற்காலியில் ஒரு பக்கத்து வீட்டு அம்மாள். எனக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரிகிறது.

வீம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

உன் அக்கா,
ஜஹீருன்னிசா


உ
வள்ளிமலை முருகன் துணை

ஆம்பூர்
28.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நேரில் வந்து சொல்லலாம் என்று பஸ் நிலையம் வரை போனேன். உங்களுக்குச் சொல்வதென்றால் கத்திச் சொல்ல வேண்டும், உங்கள் தெருவே கேட்கும். போனில் எழுதி அனுப்பினால் ஹம்மாத் படிப்பான். அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

ஜெயப்பிரகாஷ் விஷயம் இதுதான். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பா இடத்தில் தாய்மாமன் உட்காரலாம் என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் எப்படி வந்தாளோ, எனக்குத் தெரியாது. கடைசி நேரத்தில் விதியை மாற்றினார்களோ என்னவோ. முன்பே தெரிந்திருந்தால் உங்களை விட்டுவிட்டுப் போவேனா?

தம்பி ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருப்பவன், நாலு பேரைத் தெரிந்தவன். சௌமியாவுக்குக் கல்யாணத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் மனம் கோணக்கூடாது என்று நான் நினைப்பதும் உண்டு. அது தப்பா அக்கா?

சௌமியா ஆஸ்டலில் இருந்து இப்போதெல்லாம் போனில் கம்மியாகப் பேசுகிறாள். டீச்சராகச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் வேலை ஜாஸ்தி போல. நோன்பு தொடங்கப் போகிறது. சுகர் மாத்திரையை டாக்டரைக் கேட்டு நேரம் மாற்றிச் சாப்பிடுங்கள்.

சௌந்தரம்


786

பேரணாம்பட்டு
10.3.2025

சௌந்தரத்துக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதனால் பொய்யும் எழுத மாட்டேன், கோபமாகவும் எழுத மாட்டேன்.

விழா முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சௌமியா இங்கே வந்தாள். கையில் ஆப்பிள், குளுகோஸ் டப்பா, தோளில் ஒரு பெரிய பை. "யாருக்கும்மா காய்ச்சல்?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் வர முடியவில்லை என்று நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

பையில் இருந்தது அந்தக் கறுப்பு அங்கி. திங்கட்கிழமை வரைக்கும் கேட்டு வாங்கி வந்தாளாம். என் புர்காவுக்கு மேலே போட்டுவிட்டாள். குல்லா நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது. ஹம்மாத் சிரித்தான். அவள் என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து, பதிவாளர் மாதிரி, "ரா. சௌமியா!" என்று கத்தினாள். கேட்டது சௌந்தரம். நன்றாகக் கேட்டது. ஆனால் நான் துவா செய்திருந்தது இதற்கு இல்லை. இந்தக் காது மொத்தமும் போவதற்கு முன்னால், ஊர் கூடியிருக்கிற இடத்தில் அவள் பெயரைக் கூப்பிடுவதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அடுத்த விழாவுக்கு எனக்கு இந்தக் காது இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை அங்கியைக் கொடுக்கப் போனவள் துறையில், பார்வையாளர் இரண்டு பேரின் பெயர் எழுதிக் கொடுத்த படிவத்தைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். போனில் படம் பிடித்து அனுப்பினாள். நானும் பார்த்தேன். உன் முதல் கடுதாசி வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் உன்னைக் கேட்டேன். நீயே சொல்வாய் என்று பார்த்தேன்.

இன்னொன்று. நீ பிரசவத்தில் ஜன்னி கண்டு படுத்திருந்தபோது, பசும்பால் சேராமல் அந்தக் குழந்தை துவண்டு போனதே, அப்போது நான் உன் மாமியாருக்குத் தெரியாமல் என் வீட்டுக்குத் தூக்கிப்போய் முப்பத்து நாலு நாள் பால் கொடுத்தது அவளுக்குத் தெரியும். அவள் ஹம்மாத்தோடு பைக்கில் காலேஜுக்குப் போன வருடம் தெருவில் பேச்சு வந்தது. அன்றைக்கு இரண்டு பேரையும் உட்கார வைத்து நான்தான் சொன்னேன். எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய், அந்தப் பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள். அதை மறைக்கக் கூடாது. வெளியாருக்குச் சொல்ல மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன், அதை மீறவில்லை. பிள்ளைகள் வெளியார் இல்லையே.

இனி சௌமியா விஷயம் எழுத நீ சிரமப்பட வேண்டாம். அவளே எழுதுகிறாள்.

ஜஹீருன்னிசா


உ
வள்ளிமலை முருகன் துணை

ஆம்பூர்
17.3.2025

அக்கா,

இந்தத் தடவை மறைக்காமல் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்த சௌமியா காய்ச்சலில் படுத்திருந்தாள். பார்வையாளர் படிவத்தை என்னிடம் கொடுத்து, "ரெண்டு பேரு பேரையும் ஆதார்ல இருக்குற மாதிரியே எழுதி, கவர்ல போட்டு அனுப்பிடும்மா" என்றாள். தமிழ்த் துறை என்பதால் படிவமும் தமிழில்தான் இருந்தது. பெயர் என்று ஒரு கட்டம், உறவு என்று ஒரு கட்டம். உங்கள் ஆதார் நகலை ஹம்மாத் முன்பே கொண்டுவந்து கொடுத்திருந்தான், அதையும் ஊக்கு போட்டு வைத்திருந்தாள். உறவுக் கட்டங்களை மட்டும் அவளே நிரப்பியிருந்தாள். முதல் வரியில் தாய். இரண்டாம் வரியிலும் தாய்.

திரும்பப் படித்தேன். இவளுக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலில் கை தவறி இரண்டு தடவை எழுதிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் நகலைக் கழற்றினேன். தம்பியின் நகல் ரேஷன் கார்டோடு இருந்தது, அதை வைத்தேன். அவன் பெயரை எழுதினேன். உறவுக் கட்டத்தில் எதையும் நான் அடிக்கவில்லை. அடித்தால் செல்லாது என்று கீழே போட்டிருந்தது. அவள் எழுதிய தாய் என்பதற்குப் பக்கத்தில், அவள் எழுத்து மாதிரியே சாய்த்து, மாமன் என்று சேர்த்தேன். மூன்றே எழுத்து. தாய்மாமன் ஆகிவிட்டது. அவ்வளவு சுலபமாக ஒரு தாயை எடுத்துவிட முடிகிறது அக்கா.

அன்று மாலை எப்போதும் போல விளக்கு ஏற்றினேன். முருகனிடம்கூட இதைச் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பகல், என் வீட்டில் எல்லாரையும் வைத்துச் சொல்லிவிட்டேன். இருந்தவர்கள்: ஜெயப்பிரகாஷ், அவன் மனைவி சுந்தரி, சௌமியா, நான். பழைய காலண்டர் தாள் இரண்டை எடுத்துக் காட்டினேன். நீங்கள் பால் கொடுத்த ஒவ்வொரு நாளும் படுக்கையில் இருந்தபடியே தேதிக்குக் கீழே 'பால்' என்று எழுதி வைத்தது. முப்பத்து நாலு இடம். என் மாமியார் அதைப் பால்காரர் கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஜெயப்பிரகாஷும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அந்தக் காலத்துப் பால்காரனுக்கு இன்னும் பாக்கியா?" என்றான். சொன்னேன். கத்துவான் என்று இருந்தேன்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நான் வெளியில டீ குடிச்சிக்கினு நின்னிருப்பேனே. மூணு மணி நேரம் அந்த ஏசியில கை கால் வெறைச்சிப்போச்சு. புள்ளைக்குப் பால் குடுத்தவங்க சேர்ல என்ன ஒக்கார வச்சியே. இது நியாயமா?"

அவ்வளவுதான் சொன்னான். பிறகு சுந்தரியிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

அக்கா, நான் யாருக்குப் பயந்தேன்? மாமியாருக்குத்தான் முதலில் பயந்தேன். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவருக்குப் பிறகு அந்தப் பயத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் தம்பி மேல் வைத்திருக்கிறேன். அவன் கேட்டதே இல்லை. இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வரியிலும் ஒரே சொல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களால்தான் அவள் பிழைத்தாள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் தாளில் அப்படிப் பார்க்க முடியவில்லை. நீங்கள் அவளிடம் தமிழ் படித்த நாட்களில் பக்கத்தில் என் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை வைத்தே நானும் பிழையில்லாமல் எழுதக் கற்றேன். அப்படிக் கற்ற எழுத்தைத்தான் இதற்குப் பயன்படுத்தினேன்.

சௌமியா ஒன்றுதான் சொன்னாள். "அம்மா, நான் கை தவறி எழுதல."

உங்கள் ஆதார் நகல் இத்துடன் இருக்கிறது. இத்தனை நாள் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்திருந்தேன். காலண்டர் தாள்களையும் இதில் வைத்து அனுப்புகிறேன். அவை உங்களுடையவை.

மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் இல்லை. எழுதத்தான் முடிகிறது.

சௌந்தரம்


உ

ஆம்பூர்
9.4.2025

அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நோன்பு நாள், கண் வலி, எதுவாகவும் இருக்கலாம் என்று இருந்தேன்.

பெருநாளன்று ஹம்மாத் எப்போதும் போல பிரியாணித் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அடுக்கு அடுக்காகத் திறந்து பார்த்தேன், மூடிக்கு அடியில்கூடப் பார்த்தேன். கடிதம் இல்லை. "அம்மா எதுனா சொன்னாங்களாப்பா?" என்று கேட்டேன். "சூடா சாப்பிடச் சொன்னாங்க சித்தி" என்றான். கிருத்திகை இல்லை, சாப்பிட்டேன். உப்பு, காரம் எல்லாம் அதே கை. கோபத்தில் சமைத்தது போல இல்லை. ஆனால் அது எனக்கு மட்டும் தோன்றுவதாகவும் இருக்கலாம்.

விழாவில் எடுத்த பெரிய படம் பல்கலைக்கழகத்தில் இருந்து தபாலில் வந்திருக்கிறது. மேடையில் சௌமியா கை நீட்டிப் பட்டம் வாங்குகிறாள். கீழே ஓரத்தில் ஒன்பதாம் வரிசை கொஞ்சம் தெரிகிறது. 9, 10, 11, 12. எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்கிறது. காலி நாற்காலி என்று ஒன்று இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறும் தூக்கை அனுப்பி வழக்கமில்லை. எதைப் போட்டு அனுப்புவது என்று தெரியவில்லை. நீங்கள் வரச் சொன்னால் நானே எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். தெருவே கேட்டாலும் சரி, கத்தியே சொல்கிறேன். வர வேண்டாம் என்றாலும் அதையாவது ஒரு வரி எழுதுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

சௌந்தரம்