காலையில் கம்ப்யூட்டர் கேட்பது

9.10.1989, திங்கள்

ஏழே காலுக்கே ஆபிஸைத் திறந்துவிட்டேன். வேலை எட்டு மணிக்குத்தான். காளியம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "என்னா ஐயா, நாளைக்கு நீங்களே கூட்டி முடிச்சிருவீங்க போலருக்கே" என்றாள். கூட்டிப் பெருக்கிக் கோப்பி போடுகிறவள்தான், வாய் மட்டும் மேனேஜர் வாய்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். கொஞ்சம் உறுமியது. பிறகு மூன்று 'பீப்'. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழ்.

அப்பா, சாப்டீங்களா?

ஏதாவது ஒரு பட்டனைத் தட்டும்வரை அது அப்படியே நிற்கும். தட்டினேன். வேலைக்கான திரை வந்தது. எட்டு மணிக்கு டயர் லாரி வந்தது.

அதை எழுதிவைத்தது என் மகன் ஜெயபாலன். போன வருஷம் நவம்பர் பதினெட்டாம் தேதி, சித்தியவான் சாலையில் மோட்டார் சைக்கிளோடு மரலாரிக்கு அடியில் போய்விட்டான். இருபத்து மூன்று வயது. இந்தப் பெட்டிக்கு அது தெரியாது. பதினொரு மாதமாக ஒரு நாள் தவறாமல் கேட்கிறது.

மங்களத்திடம் நான் இதைச் சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் தினமும் அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன். திருட்டுத்தனம்தான்.

12.10.1989, வியாழன்

மழை. கேட்டது. தட்டினேன்.

15.10.1989, ஞாயிறு

ஆபிஸ் லீவு. இருந்தாலும் போனேன். லாரி வருகிறது என்று வீட்டில் பொய். மங்களம் பாலனின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் போடாத சட்டைகளை மாதம் ஒரு முறை துவைக்கிறாள். இதைப் பார்த்த பிறகுமா சொல்ல மனம் வரவில்லை? வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி கேட்பாள்: "நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

அதையாவது இங்கே எழுதிவிடுகிறேன். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, ஆள் கணக்கு எழுதுகிற கிராணி வேலை போய், ஈப்போவில் இந்த டயர் கம்பெனிக்கு வந்தேன். மகன் வாத்தியாராக வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. பயிற்சிக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. இரண்டாம் வருஷம் விட்டுவிட்டு வந்து நின்றான். கூட்டாளி ஷரபுதீனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையாம். அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை. 88 ஜனவரி. ஒரே வீடு, ஒரே சோறு. "உன் மகன்கிட்ட சொல்லு" என்று மங்களம் வழியாகத்தான் எல்லாம்.

ஜூலையில் தலைமை ஆபிஸ் இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பியது. மாட்ட வந்தவன் அவனேதான். எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தான் தெரியுமா? காளியம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. "அக்கா, ஐயாகிட்ட சொல்லுங்க, முதல்ல இந்தப் பட்டன்." அவள் அதைத் தப்பாகத் திருப்பிச் சொல்வாள். அவன் சிரிப்பை அடக்குவான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் வேலை முடித்துப் போன மறுநாள் காலை, முதல் முறையாகக் கேட்டது. என்ன திமிர் என்று நினைத்தேன். தட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அவன் உயிரோடு இருந்த நான்கு மாதமும் இப்படியே தட்டினேன். ராத்திரி சோற்றுக்கு எதிரெதிரே உட்காருவோம். 'சாப்பிட்டேன்டா' என்று ஒரு வார்த்தை, அது போதும். வரவில்லை என் வாயில்.

23.10.1989, திங்கள்

தலைமை ஆபிஸிலிருந்து கடிதம், கூடவே ஒரு டிஸ்கெட். கோலாலம்பூரில் ஒரு கிளையில் வைரஸ் புகுந்துவிட்டதாம். திரையில் ஒரு பந்து துள்ளிக்கொண்டே இருக்குமாம், ஃபைல்கள் கெட்டுப்போகுமாம். காளியம்மா கேட்டுவிட்டு, "மெஷினுக்குமா காய்ச்சல் வருது?" என்று இரண்டடி தள்ளி நின்றாள்.

நம் பெட்டியில் ஏற்கனவே ஒரு காவல் புரோகிராம் இருக்கிறது. இது அதன் புதுப் பதிப்பு. எல்லாக் கிளையும் இந்த வாரத்துக்குள் ஏற்ற வேண்டும். கூடவே நாலு பக்கக் குறிப்பு. Y என்றால் சரி, N என்றால் வேண்டாம், கேட்கிற கேள்விக்கெல்லாம் Y தட்டினால் போதும்.

24.10.1989, செவ்வாய்

ஏற்றினேன். ஷரபுதீனைக் கூப்பிட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் கிராணி வேலை பார்த்தவனுக்கு ஒரு டிஸ்கெட் பெரிசா என்ற எண்ணம். கேள்வி வர வர Y, Y, Y. கடைசிக் கேள்வியைத் தட்டிய பிறகுதான் படித்தேன். 'தொடங்கும் ஃபைலில் அடையாளம் தெரியாத வரிகள் உள்ளன. நீக்கவா?'

அது எந்த வரி?

25.10.1989, புதன்

கேட்கவில்லை.

பீப் இல்லை. பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி — 'பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்பிரட்டர்.' அதற்கு மேல் ஒன்றும் இல்லை, எந்தப் பட்டனும் எடுக்கவில்லை. அணைத்தேன், பத்து நிமிஷம் பொறுத்தேன், போட்டேன். அதே வரி. ஒன்பது முறை. வேர்த்துவிட்டது.

ஐயோ, நானே கையால தொடச்சிட்டேனே. அடையாளம் தெரியாத வரின்னு கேட்டுச்சு, ஆமான்னு தட்டிட்டேனே. எனக்கா அடையாளம் தெரியல?

26.10.1989, வியாழன்

மேசை டிராயரின் அடியில் பாலன் வைத்துவிட்டுப் போன டிஸ்கெட் கிடைத்தது. மேலே அவன் கையெழுத்து: 'அவசரத்துக்கு'. அதைச் செருகிப் போட்டால் பெட்டி எழுந்துகொள்கிறது. உள்ளே இருப்பதையும் காட்டுகிறது. ஆபிஸ் ஃபைல் ஒன்றும் போகவில்லை. மேனேஜருக்குப் பரம திருப்தி. "அப்ப இதையே தினம் செருகுங்க, சதாசிவம்" என்றார்.

டிஸ்கெட்டை எடுத்துவிட்டுப் போட்டால் மறுபடியும் அந்த இங்கிலீஷ் வரி. செருகினால் வேலை செய்கிறது, ஆனால் கேட்பதில்லை. இரண்டு விதத்திலும் அவன் இல்லை. வேலை நடக்கிறதே, பிறகென்ன என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்ல?

27.10.1989, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் பின்னால் மூன்று முறை ஹாரன். திரும்பி, வழியிலேயே நின்றுவிட்டேன். மினி பஸ். டிரைவர் திட்டினான்.

வீட்டில் தட்டு வைக்கும்போது மங்களம் வழக்கம்போல மூன்று எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தாள். இன்றைக்குத்தான் அதை நேராகப் பார்க்க முடியவில்லை. எதிர் நாற்காலியில் யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருந்தது. பாதியில் கை கழுவினேன்.

30.10.1989, திங்கள்

ஊரெல்லாம் தீபாவளி முடிந்து பலகாரத்தோடு வேலைக்கு வந்திருக்கிறது. துக்க வீடு என்பதால் எங்களுக்குக் கிடையாது. காளியம்மா முறுக்கைப் பொட்டலம் கட்டி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி கோச்சிக்கிட்டுப் போயிருச்சா ஐயா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டும்போது இத்தனை மாதமாகப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஷரபுதீனுக்குப் போன் செய்தேன். பாலன் போனதிலிருந்து அந்தப் பையனை நேருக்கு நேர் பார்ப்பதையே தவிர்த்து வந்தேன்.

1.11.1989, புதன்

ஷரபுதீன் வந்தான். முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு உட்கார்ந்து கால் மணி நேரம் தட்டினான்.

"ஒன்னும் போகலலா, அங்கிள். மெஷின் எழுந்ததும் முதல்ல ஒரு ஃபைலத் தேடும். எல்லாரும் அத வாசல்லயே வைப்பாங்க. பாலன் உள்ரூம்ல வச்சிட்டு, எங்க இருக்குன்னு ஒரு வரி எழுதி வச்சிருந்தான். புதுக் காவல்காரன் வந்து அந்த வரியத் தூக்கிட்டான். அதான் வாசல்ல தேடிட்டே நிக்குது."

"அப்ப... மத்ததெல்லாம்?"

"பழச அது அழிக்கல. பேர மாத்தி ஓரமா வச்சிருக்கு. இருங்க, பிரிண்ட் எடுக்குறேன்."

பிரிண்டர் கிறீச்சிட்டது. ஏழெட்டு வரிதான். நடுவில் 'அப்பா, சாப்டீங்களா?' அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. அதற்கு மேலே, நான் திரையில் ஒருநாளும் பார்த்திராத ஒரு வரி. 'ரெம்' என்று தொடங்கியது.

ரெம் — அப்பா கோபம் தீர்ந்ததும் இதை எடுத்துடணும்.

"இது ஏன் இத்தனை நாள் வரல?" என்று கேட்டேன்.

"ரெம்னு ஆரம்பிச்சா மெஷின் அந்த வரிய விட்டுரும், அங்கிள். காட்டாது. எழுதுனவன் தன் ஞாபகத்துக்கு எழுதி வைக்கிறது." சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அங்கே பார்த்தபடியே, "பழையபடி போட்டுரவா?" என்றான். தலையாட்டினேன். அந்த ஃபைலை வாசலிலேயே வைத்துவிட்டானாம், இனி பெட்டி நிற்காது. ஆனால் புதுக் காவல் இருக்கும்வரை பாலன் எழுதிய வரிகளைத் தினமும் சந்தேகப்படும், நீக்கவா என்று கேட்கும். "N தட்டுங்க. மறந்து Y தட்டிட்டீங்கன்னா போயிரும். மொத தடவ ஏத்தும்போது மட்டுந்தான் அது பழச ஓரமா வைக்கும், அதயும் நான் எடுத்துப் போட்டுட்டேன். அங்கிள், இன்னொரு காப்பி எடுத்து வைக்கவா?"

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

2.11.1989, வியாழன்

நீக்கவா? N. அப்பா, சாப்டீங்களா? தட்டினேன்.

3.11.1989, வெள்ளி

N.

6.11.1989, திங்கள்

N மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன், பிறகுதான் தட்டுகிறேன். அழிந்துவிடுமோ என்ற பயம் இல்லை. 'இன்னும் தீரவில்லை' என்று தினமும் அவனிடம் சொல்கிற மாதிரி இருக்கிறது. கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. சித்தியவான் ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்களே, அப்போதே. அதற்கு முன்னாலும் தீர்ந்துதான் இருந்ததோ என்னவோ. வீம்பு விடவில்லை. Y தட்டினால் குரல் போய்விடும், N தட்டினால் கோபம் தீராமலே இருக்கும். இப்படி ஒரு வேலையை அப்பனுக்கு வைத்துவிட்டுப் போவானா ஒருத்தன்?

தோட்டத்தில் காலைப் பெரட்டில் நான் பேர் கூப்பிடுவேன். வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பதில் கொடுக்க வேண்டும். ஆள் கண்ணெதிரே நின்றாலும், குரல் கொடுக்கவில்லை என்றால் அன்று அவருக்குப் பேர் போட மாட்டேன், கூலி கிடையாது. அவ்வளவு கறார். மாயாண்டி என்று ஒரு பால்வெட்டுக்காரர், தொண்டை கட்டிக் கையை மட்டும் தூக்கினார். திருப்பி அனுப்பிவிட்டேன். அப்படிப்பட்ட கிராணி, தன்னைக் கூப்பிட்டபோது வாயே திறக்கவில்லை.

8.11.1989, புதன்

மங்களத்திடம் சொல்லிவிட்டேன். பிரிண்ட் எடுத்த தாளைக் கொடுத்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பிறகு சொன்னாள்: "இதானா அது? கடயில இருந்து வந்ததும் வராததுமா அடுப்படிக்கு வருவான். 'அம்மா, அப்பா இன்னிக்கு ஏதாச்சும் சொன்னாரா?'ன்னு கேப்பான். எதப் பத்திடான்னா சொல்ல மாட்டான். இல்லடான்னுதான் நானும் தினம் சொல்லிட்டு இருந்தேன்."

நாலு மாதம். தினமும்.



18.11.1989, சனி

திதி கொடுத்து முடித்தாயிற்று. ஆற்றங்கரையிலிருந்து நேராக ஆபிஸுக்கு மங்களத்தை அழைத்துப்போனேன். அரைநாள் வேலை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். சாவி என்னிடம்தான்.

பெட்டியைப் போட்டேன். காவல் கேட்டது, N தட்டினேன். மூன்று பீப். அந்தச் சத்தத்துக்கே அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுத்து வந்தது. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "நீ சாப்டியாடா?" என்றாள்.

பட்டனைத் தட்ட விடவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே தெருவில் யாரோ டின்னை உருட்டிக்கொண்டு போனார்கள். பச்சை எழுத்து அவள் கண்ணாடியில் விழுந்திருந்தது.

"எடுத்துரச் சொல்லித்தான எழுதியிருக்கான்" என்றாள் கடைசியில். "உங்க கோவம் தீந்துச்சா, இல்லியா?"

"தீந்துருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவன்கிட்ட சொல்லுங்க. இனிமே நான் நடுவுல இருக்க மாட்டேன்."

பெட்டியை அணைத்து மறுபடியும் போட்டேன். 'அடையாளம் தெரியாத வரிகள் உள்ளன. நீக்கவா?' இந்த முறை முழுசாகப் படித்தேன். "பாலா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அப்பாவுக்குக் கோவம் இல்லடா."

Y.

மங்களம் என் முதுகில் கை வைத்திருந்தாள்.

20.11.1989, திங்கள்

எட்டு மணிக்குத்தான் போனேன். பெட்டி எழுந்தது. எதுவும் கேட்கவில்லை. பீப் இல்லை, எழுத்து இல்லை, நேராக வேலைக்கான திரை.

"சாப்பிட்டேன்டா" என்றேன். "இட்லி. மூணு."

காளியம்மா கோப்பியோடு பின்னால் நின்றிருந்தாள். "யார்கிட்ட ஐயா பேசுறீங்க?"

"எம் மகன்கிட்ட."

கோப்பியை வைத்துவிட்டுப் போனாள்.