தென்றியின் முதுகெலும்பு

அன்புள்ள கன்சியுஸ் அவர்களுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? மாமாவின் மூட்டுவலி குறைந்ததா? மக்கஸ்ஸார் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறைக் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

செவ்வாயன்று பசோ என்ற மீனவர் தன் நாலு வயது மகள் தென்றியைத் தூக்கி வந்தார். பாயை நனைக்கிறாளாம், நடந்தால் விழுகிறாளாம். "சோம்பேறிக் கழுதைம்மா இது. முதுகுல ரெண்டு வச்சாத்தான் எந்திரிக்கும்" என்று சிரித்தார். மயக்க மருந்து கொடுத்துப் படம் எடுத்தேன். முதுகெலும்புக்குள் பிறவியிலேயே ஓர் எலும்பு முள் வளர்ந்து, நரம்புத் தண்டை இரண்டாகப் பிளந்திருந்தது. அதனால்தான் அவளுடைய ஒரு பாதம் மற்றதைவிடச் சிறுத்திருந்தது.

டாக்டர் விளக்கியதும் பசோ கேட்டார்: "அப்ப அவளால அடக்கவே முடியாதா?"

"முடியாதுப்பா. ஆபரேஷன் பண்ணா இன்னும் மோசமாகாம பாத்துக்கலாம். போன பலம் திரும்பாது."

"தினமும் அடிச்சேனே டாக்டர்" என்றார்.

நீங்கள் பயப்பட வேண்டாம், பல ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வருவது. நம் மகள் நோனாவின் இரண்டு பாதங்களையும் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்கத்தான். ஒன்று சிறிதாக இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பாயை நனைத்தாலும் அவளை அதட்டாதீர்கள்.

அடுத்த பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டார்கள். நிறுத்துகிறேன்.

உங்கள்
யூலிதா