துணிச் சந்துக் கழிப்பறைக்கு ஒரு மாற்றுச் சாவி

அனுப்புநர்:
அஃபுவா செர்வா போன்சு (வயது 62),
கடை எண் 41, துணிச் சந்து,
அட்டாகுரோம் சந்தை, கானா.

பெறுநர்:
சந்தைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அட்டாகுரோம்.

பொருள்: நண்பகலில் பூட்டப்படும் கழிப்பறைக்கு மாற்றுச் சாவி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்திரண்டு ஆண்டுகளாக இச்சந்தையில் துணி விற்கிறேன். தலைச்சுமையாக விற்கத் தொடங்கிக் கடை போட்டவள். சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமில்லை. எனக்குப் பெருங்குடலில் புண். அறுபதாவது வயதில்தான் கண்டுபிடித்தார்கள்.

2. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் இரத்தமாகப் போனது. வயிற்றில் அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று என் அக்கா அபெனா, நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல், சனிக்கிழமைதோறும் இஞ்சியும் மிளகாயும் அரைத்து எனிமா கொடுத்தார். நான் துடிப்பேன். "எரியுதுன்னா அழுக்கு வெளிய வருதுடி, பொறுத்துக்க" என்பார். அவர் மேல் குறை சொல்லமாட்டேன். நானும் அதையேதான் நம்பினேன்.

3. பெரிய மருத்துவமனையில் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், இது புற்றுநோய் இல்லை, அடியோடு போகாது, மாத்திரையில் அடங்கும், மிளகாய் எனிமாவை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். என் சாவுச் சடங்கில் குடும்பத்தார் கட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த கறுப்புத் துணிக் கட்டை மறுநாளே விற்றுவிட்டேன். எட்டு மாதமாக இரத்தம் இல்லை. ஃபுஃபுக் களி மறுபடி தொண்டையில் இறங்குகிறது.

4. குறை இதுதான். கழுவுவதற்காகப் பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை கழிப்பறையைப் பூட்டுகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்பட்ட வயிறு சில நாள் முரண்டு பிடிக்கும். அன்று எனக்கு இரண்டு நிமிடம்தான் அவகாசம். சென்ற மாதம் அப்படி ஓடிப் போனபோது, கழிப்பறைக் காவலர் க்வாகு டுவும் என்பவர் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "காலைலேருந்து இது நாலாவது தடவம்மா. உங்க கடை துணிச் சந்துலயா இருக்கு, இல்ல இங்கயா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல கேலிதான், வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். கதவு திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. என் கடையிலிருந்தே இரண்டு கெஜம் புதுத் துணி எடுத்துக் கட்டிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தேன்.

க்வாகுவைத் தண்டிக்கக் கேட்கவில்லை. அவர் தங்கள் விதியைக் காத்தார். எனக்கு நோய் என்று அதுவரை நான் அவரிடம் சொன்னதுமில்லை.

5. மறுநாள் என் நோயைச் சந்து முழுக்கச் சொல்லிவிட்டேன். மாலைக்குள் மீன் விற்பவர் ஒருவரும் தையல்காரர் ஒருவரும் தனித்தனியே வந்து காதோடு பேசினார்கள். அதே இரத்தம், அதே மிளகாய். இருவரையும் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே, மாற்றுச் சாவி ஒன்று என் கடையில் இருக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். ஈரத் தரையை மிதித்தால் நானே துடைத்துவிட்டு வருவேன். சாவி இல்லையென்றால், வெளியூர் வண்டிகளில் வாங்குபவர்கள் வந்து இறங்கும் அந்த இரண்டு மணி நேரமும் நான் கடையை அடைக்க வேண்டியிருக்கும். அடைக்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை.

அந்தச் சாவியை மாதம் ஒரு முறைகூட நான் தொடாமல் போகலாம். கடை ஆணியில் அது தொங்குகிறது என்று தெரிந்தாலே என் வயிறு பாதி அடங்கிவிடும்.

இணைப்பு: டாக்டர் கடிதம்.

இடம்: அட்டாகுரோம்
நாள்: 9 அக்டோபர் 2023

சாவிக்காகக் காத்திருக்கும்,
அஃபுவா செர்வா போன்சு