ஒரு நாள் முந்தி வந்த பலூன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

கும்பிட்டு எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இந்த வெளிநாட்டு விடுதிச் சலவை அறையில் எனக்குத் தேதியும் தெரிவதில்லை, கிழமையும் தெரிவதில்லை. போனில் நீங்கள் குறித்துக் கொடுத்ததைத்தான் நம்பியிருந்தேன். அந்தக் கேடுகெட்ட போன் செவ்வாய்க்கிழமை காலையில் பலூனைப் பறக்கவிட்டு, பாப்பாவுக்குப் பிறந்தநாள் என்றது. அவள் போனபிறகு வரும் முதல் பிறந்தநாள் அல்லவா? கெஞ்சி லீவு வாங்கி, அவள் போட்டோவோடு அறையிலேயே இருந்தேன். மறுநாள் உங்கள் செய்தி வருகிறது, இன்றுதான் பிறந்தநாள் என்று! அவளுடைய நாளில் நான் யாரோ படுத்த போர்வையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதிக் கம்ப்யூட்டர்காரரிடம் போனை நீட்டினேன்.

"நம்ம ஊர்ல ராத்திரி பன்னெண்டு மணி அடிச்சு நாள் பிறக்கும்போது இங்க முந்தின நாள்தான்க்கா. அந்த நேரத்தைப் போடாம முழு நாள்னு குறிச்சிருக்கணும். மாத்திட்டேன். பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு?"

"ஒன்பதுலயே நின்னுடுச்சு. அதையும் மாத்துவீங்களா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மெத்தப் படித்தவர், மெத்தப் படித்த போன்! பெற்றவளுக்கே தேதி சொல்ல வந்துவிட்டது. அதை நம்பிய என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இனிமேல் சோப்பு, தைலம் எதுவும் அனுப்பாதீர்கள். தினமும் கிழிக்கிற காலண்டர் ஒன்று அனுப்புங்கள். அவள் நாளின் தாளை மட்டும் உங்கள் கையால் மடித்துவிடுங்கள். அதுவரை உள்ளதை நானே கிழித்துக்கொள்கிறேன்.

மணி அடிக்கிறார்கள். ஈரத்துணி கிடக்கிறது, போகிறேன்.

பாப்பாவின் அம்மா