கூடையில் விட்டு வைத்த ஒன்று

என் வீட்டுக்காரிக்கு,

இதை நானே எழுதுகிறேன். மகளிடம் காட்டு, நம்ப மாட்டாள். நீ போன பிறகு தெருப் பிள்ளைகளிடம் எழுத்துப் பழகிக்கொண்டேன்; ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

நீ மகள் வீட்டுக்குப் போன பத்தாம் நாளிலிருந்து உன் கோழி முட்டையிடவில்லை. தீனியை மாற்றிப் பார்த்தேன். அது முட்டையிடும் கூடையை வெயிலில் காய வைத்தேன். பெருக்கி, துவைத்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. அதற்கு மேல் கோழி வைத்தியம். சலிப்பில், "சும்மா உட்காந்து தின்னுக்கிட்டு இருக்கே" என்று அதைத் திட்டிவிட்டேன். அதே வார்த்தையைக் கேட்டுத்தான் நீ பெட்டி கட்டினாய் என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"தினமும் கூடையை மொத்தமா வழிச்சு எடுத்தா அது எப்படி அங்க வரும், பெரியவரே? உங்க வீட்டம்மா எப்பவும் ஒரு முட்டைய விட்டு வைப்பாங்களே. இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. தேடிப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்பது முட்டைகள் கிடந்தன. ஒன்றைக் கொண்டுவந்து கூடையில் வைத்தேன். இன்று காலை அது இரண்டாக இருந்தது.

அலமாரியில் உன் துணி ஒன்றுகூட இல்லை. பின்கதவோரம் உன் பழைய செருப்பு மட்டும் கிடக்கிறது. அதை நகர்த்தாமல் சுற்றித்தான் பெருக்குகிறேன்.

முதல் முறையாகக் கைநாட்டு இல்லாமல்,
உன் வீட்டுக்காரன்