கண் பரிசோதனையில் நூற்றுக்கு நூறு

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டில் என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை, படிக்கப்போகிறவனும் நான்தானே. சில எழுத்து படுத்துக்கொள்கிறது. சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி எட்டிப் பார்க்கிறது. ஐம்பது வருஷம் பெயிண்ட் அடித்த கை இது. பேனாவையும் பிரஷ் மாதிரியே பிடிக்கிறேன் என்று மாலை வகுப்பு டீச்சர் சிரிப்பார். கடைப் பலகைகளுக்கு அடிப்பூச்சு நான் போடுவேன். மேலே எழுத்து எழுத வேறு ஆள் வருவார். அவர் எழுதுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது எழுத்தும் நானே! இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்த காரணம் சிரிப்பு இல்லை. எதிர்வீட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். "நல்ல க்ரீம் கலர், யார் கலந்தது?" என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பெரியவரே, அது வெள்ளைங்க."

எனக்கா வெள்ளை தெரியாது? வீட்டுக்கு வந்து நம் சுவரைப் பார்த்தேன். அதுவும் க்ரீம். வலது கண்ணை மூடிப் பார்த்தேன், கொஞ்சம் வெள்ளை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், பழைய பல்லின் நிறம். மகளிடம் சொன்னேன். வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாளாம்.

படிக்கக் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போதா கண் போக வேண்டும்?

மார்ச் 5, வியாழன்

நூற்றுக்கு நூறு!

நடந்ததை முறையாக எழுதுகிறேன். சீக்கிரமே போய்விட்டோம். மகள் போன் பேச வெளியே போனாள். பரிசோதனை அறை திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. சுவரில் எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. முன்பெல்லாம் எனக்கு எழுத்து தெரியாதவர்களுக்கான அட்டையைத்தான் காட்டுவார்கள். முள்கரண்டி மாதிரி ஒரு படம் இருக்கும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். இந்த முறை எழுத்து! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பரீட்சைக்குப் போகுமுன் ஒருமுறை படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது டீச்சர் சொன்ன பாடம். உள்ளே போய், அட்டையில் மூக்கு இடிக்க நின்று, கடைசி வரி வரை படித்தேன். பெஞ்சில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடி ஒப்பித்துப் பார்த்தேன். ஒன்றும் விடவில்லை.

கண் சோதிக்கிற பெண் வந்தாள். "தாத்தா, படிக்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்றால் வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வலது கண்ணால் பார்த்தபோது அட்டை, கொதிக்கிற தண்ணீரின் ஆவிக்குப் பின்னால் இருப்பது போல இருந்தது. ஆனால் எனக்குத்தான் தெரியுமே. கடகடவென்று சொன்னேன். அவள் அசந்துவிட்டாள். "தாத்தா, என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியுதே!"

டாக்டர் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். அவள் எழுதித் தந்ததையும் பார்த்தார். "புரை இருக்கு. ஆனா பார்வை இவ்வளவு நல்லா இருக்கும்போது ஆபரேஷனுக்கு அவசரம் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

மகளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படிக்கப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவர்கள் சோதித்தது என் படிப்பை இல்லை.

மார்ச் 6, வெள்ளி

மகளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 9, திங்கள்

சொல்லாததற்குக் காரணம் பின்தெருத் தையல்காரர். அவருக்கும் புரைதான். ஆபரேஷன் செய்தார்கள், அந்தக் கண் போய்விட்டது. இன்று அவர் கடைக்குப் போனேன். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி அவருடைய மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

"கத்தியை மட்டும் வைக்க விடாதே" என்றார். "இருக்கிற வெளிச்சத்தை வச்சு ஓட்டிடு. நம்ம வயசுக்கு எவ்வளவு பாக்கணும்?"

எவ்வளவு பார்க்க வேண்டும்? எனக்கு நிறைய இருக்கிறதே. நூலகத்தில் இரண்டு அலமாரிதான் தாண்டியிருக்கிறேன். அதுவும் மெல்லிய புத்தகங்களாகப் பொறுக்கி.

பயம் என்று எழுதுவது எளிது. மூன்றே எழுத்து. ஆபரேஷன் என்று எழுதத்தான் மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். எனக்குச் சர்க்கரை மாத்திரை, என் மனைவிக்கு பிரஷர் மாத்திரை. மருந்துக்கடைக்காரர் இரண்டையும் பழுப்புக் காகித உறையில் போட்டு, மேலே இன்னதென்று எழுதித் தருவார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் தன்னுடைய உறைக்கு ரப்பர் பேண்டு போட்டு வைப்பாள். வருஷக்கணக்காக அதுதான் அடையாளம்.

ரப்பர் பேண்டைக் கழற்றி எறிந்தேன். "எழுத்து தெரிஞ்ச ஆள் இருக்கிற வீட்ல இதெல்லாம் எதுக்கு? இனிமே நானே படிச்சு எடுத்துத் தரேன்."

"கலெக்டரு சொன்னா சரிதான்" என்றாள். அவள் என்னைக் கேலி செய்தால் எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த காய்கறிக்காரம்மாவின் நோட்டைப் பார்த்து எழுதினேன். "என்ன பெரியவரே, காப்பியா?" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

ராத்திரி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறேன். இருட்டில் எல்லார் கண்ணும் ஒன்றுதான். அந்த ஆறுதல் விடியும்வரை.

மார்ச் 20, வெள்ளி

வாசல் நிலையில் இடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

எழுத வரவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு துணி துவைக்கப் போனாள். ஒரு மணி நேரம் போயிருக்கும், தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. குழாய் மூடினாளாக்கும் என்று நினைத்தேன். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். ஐயோ, உட்கார்ந்தே இருந்தேனே.

போய்ப் பார்த்தால் சுவரோடு சாய்ந்து கிடக்கிறாள். உடம்பெல்லாம் வியர்வை. கை வெடவெடக்கிறது. "யாரு?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து. நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவனைப் பார்த்து யாருன்னு கேக்குறா. எனக்கு உயிரே இல்ல.

கத்தினேன். மகள் ஓடிவந்தாள். "அப்பா, அம்மாவுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டபடி மாத்திரை உறையைத் தேடி எடுத்தாள். படித்தாள். அவள் முகம் மாறியதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை, குரலில்தான் தெரிந்தது.

"இது உங்க சுகர் மாத்திரைப்பா."

சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினோம். பிறகு ஆஸ்பத்திரி. சாயங்காலம் வரை ஊசி வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். தெளிந்து எழுந்ததும் அவள் கேட்டது, "துணியெல்லாம் அப்படியே ஊறிக் கிடக்குமே?"

வராந்தாவில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை, ஒப்பித்ததை, தையல்காரரை. அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 25, புதன்

மகள் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அதே பெண். "என்ன தாத்தா, ஆறு மாசம் அதுக்குள்ள ஆயிடுச்சா?"

"அம்மா, அன்னிக்கு நான் பாத்துச் சொல்லல. மனப்பாடம் பண்ணிச் சொன்னேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்தாள். "காப்பியடிச்சு கண் டெஸ்ட்ல பாஸான ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

வேறு அட்டையை மாட்டினாள். வலது கண்ணுக்கு உச்சியில் இருந்த பெரிய எழுத்து மட்டும் இருக்கிற மாதிரி இருந்தது. "சொல்லுங்க" என்றாள். "தெரியலை" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று!

டாக்டர் சிரிக்கவில்லை. "யாரை ஏமாத்தினீங்க? இன்னும் தள்ளிப்போட்டா புரை கெட்டிப்பட்டுப் போகும். அப்ப எங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்." தையல்காரரைப் பற்றிச் சொன்னேன். ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகலாம், ஆகவே ஆகாது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆகாது என்று சொல்லியிருந்தால் தேவலை. அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார்.

மார்ச் 29, ஞாயிறு

மாத்திரைகளை மகள்தான் கொடுக்கிறாள். நான் அந்தப் பக்கமே போவதில்லை. மனைவிக்கு நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால்கூட மகள் எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

மார்ச் 31, செவ்வாய்

நாளை ஆபரேஷன்.

நாளை இந்நேரம் ஒரு கண் இருக்குமா இருக்காதா? இடது கண்ணும் மங்கல்தான், அதை நம்பி என்ன செய்ய? ஐம்பது வருஷம் சாரத்தில் நின்றிருக்கிறேன், மூன்று மாடி உயரத்தில். ஒருநாளும் கால் நடுங்கியதில்லை. இன்று கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது நடுங்குகிறது.

"சாப்பிட்டுட்டுப் படுங்க, கண்ணு என்ன ஓடியா போயிடும்" என்றாள் மனைவி. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்து போகவில்லை. அவளுக்கும் பயம்தான்.

ஒருவேளை இதுதான் நான் எழுதும் கடைசிப் பக்கமோ என்று தோன்றுகிறது. அதனால் ஒரு வரி அழகாக எழுத ஆசைப்பட்டேன். நான் படித்தேன். நான் எழுதினேன். இரண்டு வரியாகிவிட்டது.

ஏப்ரல் 4, சனி

கண் இருக்கிறது.

முந்தாநாள் கட்டுப் பிரித்தார்கள். எழுத வேண்டாம் என்று மகள் நோட்டை ஒளித்து வைத்துவிட்டாள், இன்றுதான் கிடைத்தது.

முகத்தின் மேல் துணி போர்த்தி, கண்ணை மட்டும் திறந்து வைத்தார்கள். ஊசி போட்டதால் வலி இல்லை, ஆனால் முழித்துக்கொண்டே இருந்தேன். மேலே பெரிய வெளிச்சம் ஒன்று நீந்தியது. என் கண்ணுக்குள்ளேயே கை வைத்து வேலை செய்கிறார்கள், நான் படுத்திருக்கிறேன். பயத்தை மறக்க ஆனா ஆவன்னாவை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"தாத்தா, என்ன மந்திரமா? தலையை ஆட்டாதீங்க" என்றார் டாக்டர்.

மனசுக்குள் சொன்னேன். மெய்யெழுத்து பாதியில் இருக்கும்போது முடிந்தது என்றார்கள்.

கட்டுப் பிரித்ததும் நர்ஸம்மாவின் உடுப்பு தெரிந்தது. வெள்ளை. எவ்வளவு வெள்ளை! நீலம் போட்ட வெள்ளை. நான் அழுதேன். "கண்ணைக் கசக்காதீங்க" என்று ஒரு அதட்டல் விழுந்தது. அழுகையையும் நிறுத்திக்கொண்டேன்.

சொட்டு மருந்தை மகள் நேரம் தவறாமல் விடுகிறாள். தையல்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

ஏப்ரல் 11, சனி

இடது கண்ணுக்கு அடுத்த மாதம். அந்தப் பயம் அதன் இடத்தில் இருக்கட்டும். இன்று வேறு ஒன்று.

மனைவி காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அதுதான் என் வேலை. எதையாவது பார்ப்பது. அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் எங்கே? எலும்பு தெரிய வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. கிட்டே போய் விரலால் அழுத்தினேன். சுவரில் பட்டி பூசிக் காய்வதற்குள் விரல் வைத்தால் விழுமே, அந்த மாதிரிக் குழி. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அது கிடக்கு. மழை நின்னதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"உங்க கண்ணு முதல்ல சரியாகட்டும்னு பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படுத்தா யாரு எந்திரிச்சுத் தண்ணி குடுக்கறது?" பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "எதுக்கு இப்படிப் பாக்குறீங்க? கண்ணு வந்தாலும் வந்துச்சு, ஒரு இடம் விட மாட்டேங்குறீங்க."

மாதக்கணக்காக என் எதிரே நடந்துகொண்டிருந்த கால். நான் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றேன். வேண்டாம் என்றாள். என்னவாவது சொல்லிவிடுவார்கள் என்றாள். இதயம், சிறுநீரகம் என்று பக்கத்து வீட்டில் யாருக்கோ சொன்னார்களாம். "என்ன சொல்லுவாங்க? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றேன். இந்த முறை உடனே வந்தது.

அவள் கொஞ்ச நேரம் ஒரே துணியை மடித்துப் பிரித்து மடித்தாள். "நீங்க உள்ள வரைக்கும் வருவீங்களா?"

வருவேன். வாசலில் நிற்க மாட்டேன். எனக்கு அவளைத் தெரியும். டாக்டர் கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவாள். நான் பக்கத்தில் நின்று, காலைக் காட்டச் சொல்வேன்.

எனக்கு என் கண்ணுக்காகப் பட்ட பயமெல்லாம் பெரிய பயமே இல்லை என்று இப்போது தெரிகிறது. டாக்டர் என்ன சொல்கிறாரோ, அது நல்லதோ கெட்டதோ, அடுத்த வாரம் எதிர்ப்பக்கத்தில் அப்படியே எழுதுவேன். அதற்காக அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.